எழுத்தும் எழுத்தின் படமும்: பெங்களூர் சாலையில் ஒரு வாசிப்பு வரலாறு

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஆசிரியராக இருக்கிற நண்பர் ஒருவர் பழைய கட்டுரை ஒன்றைக் கேட்டார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வரலாறு படித்தவர். 1990களில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தி, ஏழு இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகையில் வந்த கட்டுரை அது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்ற பெருமையில் இதழை முழுசாக ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவைத்தேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது. "தோழர், உங்க பத்திரிகை பேச மாட்டேங்குது. பக்கத்துக்குப் பக்கம் 'கிராஃபிக், கிராஃபிக்'னுதான் சொல்லுது. 42 பக்கமும் படம்தானா?"

அவர் கம்ப்யூட்டரில் இருப்பது திரைவாசிப்பான். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்கிற மென்பொருள். அதற்கு எழுத்து வேண்டும். நான் அனுப்பியது எழுத்தின் புகைப்படம். பார்வையுள்ளவனுக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அவனுடைய அதிகாரம். 'விளிம்பு' என்றும் 'மற்றமை' என்றும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய பத்திரிகை, ஒரு வாசகரிடம் 42 தடவை 'படம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

எழுத்து வேறு, எழுத்தின் உருவம் வேறு. தமிழில் எழுத்தை விட்டுவிட்டு உருவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கூட்டம் வாசிப்பிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறது. வலைத்தளங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'வசதி', 'சேவை', 'உதவி' என்ற சொற்களில் பேசுகிறார்கள். வெளியேற்றியவன் கதவைத் திறப்பதை உதவி என்று சொல்லிக்கொள்வது நமக்குப் புதுசு இல்லை. வெளியேற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

*

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பெங்களூர் சாலையில் 20 கிலோமீட்டர் சொச்சம். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பிரெய்ல் அச்சகம் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பார்வையற்ற பிள்ளைகள் தொட்டுப் படிக்கிற பாடப்புத்தகங்களுக்கும் இந்த ஊருக்கும் நெருங்கின சம்பந்தம் உண்டு. அங்கிருந்து பஸ் ஏறினால் செம்பரம்பாக்கம் ஏரி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம்; தெற்கே திரும்பினால் ஒரகடம். 1996ல் ஹூண்டாய் வந்ததிலிருந்து ஏரியும் வயலும் சிப்காட் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். கார், டயர், கண்ணாடி, டிவி, செல்போன். உலகம் பார்க்கிற திரைகளில் கணிசமானவை இந்தச் சாலையில் பூட்டப்படுகின்றன.

சாலையின் ஒரு முனையில் தாளில் புள்ளி குத்துகிறார்கள். மறுமுனையில் பேசுகிற போன் செய்கிறார்கள். நடுவில் இருக்கிற நண்பருக்குத் தமிழில் ஒரு கட்டுரை படிக்க வழியில்லை. இந்த இருபது கிலோமீட்டரைத்தான் நான் புரிந்துகொள்ள முயல்கிறேன்.

*

வாசிப்பு என்பது கண்ணால் செய்கிற காரியம் என்று எப்போது ஆனது? ரொம்பப் பழைய சங்கதி இல்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் படிப்பு பெரும்பாலும் வாயும் காதும் சம்பந்தப்பட்டது. குறளில் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக்காரராகச் சொல்லப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் இந்தத் தொண்டைமண்டலத்தைச் சேர்ந்தவர்தான். சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், சந்திரவாணன் கோவை, திருக்கழுக்குன்றப் புராணம் எல்லாம் பாடியவர். அவருக்கு எழுத்தறிவித்தபோது முதுகில் விரலால் எழுதிக் காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அவருக்கும் முந்திய இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க முடியாதவர். காஞ்சி ஏகாம்பரநாதர் மீது உலா பாடியிருக்கிறார்கள். முதுகில் எழுதின கதை நடந்ததோ கட்டினதோ, அதில் ஒரு தெளிவு இருக்கிறது: எழுத்தைக் கண்ணில்தான் காட்ட வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை.

இதை வைத்து 'அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது' என்று கதைகட்டக் கூடாது. யார் கேட்கலாம் என்பதில் சாதி உட்கார்ந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊர் கேட்கச் சொன்னார் என்ற கதை இத்தனை நூற்றாண்டாகப் புழங்குவதற்குக் காரணமே, அது மற்றவர் காதில் விழக்கூடாது என்று வைக்கப்பட்டிருந்ததுதான். (கோபுரத்தில் ஏற முடியாத உடம்போடு இராமானுசர் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர் கேட்டார். அவருக்கு எப்போதும் இப்படி ஒரு கேள்வி இருக்கும்.) நான் சொல்வது குறைந்தபட்ச விஷயம். கண் தெரியாமலிருப்பது மட்டுமே அன்று ஒருவரைப் பிரதியிலிருந்து துண்டித்துவிடவில்லை.

துண்டித்தது அச்சு. 19ஆம் நூற்றாண்டில் புத்தகம் பெருகப் பெருக, வாய்விட்டுப் படிப்பது குழந்தைத்தனமாகவும் மௌனமாகப் படிப்பது நாகரிகமாகவும் ஆயிற்று. பள்ளிக்கூடம், பரீட்சை, சர்க்கார் உத்தியோகம் எல்லாம் தாளுக்கு மாறின. தாளைப் படிக்க முடியாதவர் 'குருடர்' என்ற தனி ஜாதி ஆனார். அவருக்கென்று தனிப் பள்ளி, தனி விடுதி, தனித் தொழில் (நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது) என்று ஏற்பாடுகள் வந்தன. ஃபூக்கோ பைத்தியத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஆனால் முழுசாகப் பொருந்தாது. ஏனென்றால் அந்தத் தனிப் பள்ளிகளுக்குள்தான் இன்னொரு எழுத்தும் வளர்ந்தது.

பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் படித்த லூயி பிரெய்ல் 1820களில் உருவாக்கி 1829ல் வெளியிட்ட ஆறு புள்ளி முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிகள் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து தமிழ் பேசியது. அப்போது இந்தியாவில் இடத்துக்கு ஒரு பிரெய்ல். ஒருவர் அச்சிட்டதை இன்னொருவர் தொட்டுப் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தை முடித்து 1951ல் பாரதி பிரெய்ல் வந்தது. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அமைப்பு. 'க'வுக்குத் தமிழிலும் இந்தியிலும் ஒரே புள்ளிகள்.

இதில் ஒரு நுட்பத்தை நான் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். நாம் 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, நடுவில் 'க' மாட்டிக்கொள்கிறது. டைப்ரைட்டரில் அடிப்பவர் கொம்பு, க, கால் என்ற வரிசையில் அடிப்பார். பிரெய்லில் அப்படி இல்லை. 'க', அடுத்து 'ஒ'. அவ்வளவுதான். நாம் உச்சரிக்கிற வரிசை. 1978ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று, துதிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் போய்ச் சேர்ந்தன. தமிழ் அழிந்துவிடும் என்று எத்தனை பேர் மாரடித்தார்கள்! பிரெய்ல் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு புள்ளிகூட மாறவில்லை. அவர்களிடம் இருந்தது எழுத்து. நம்மிடம் இருந்தது அதன் உருவம்.

*

கணிப்பொறி வந்தபோது இந்த இரண்டில் எதை உள்ளே வைப்பது என்ற கேள்வி மறுபடி வந்தது. நாம் உருவத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

1980களின் நடுவிலிருந்து தமிழை கம்ப்யூட்டரில் கொண்டுவந்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன், கனடாவில் ஆதமி செய்த சீனிவாசன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று பலரும் சம்பளம் இல்லாமல் செய்த வேலை அது. ஆனால் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, பதிப்பகத்துக்கு ஒரு எழுத்துரு, கட்சிக்கு ஒரு எழுத்துரு என்று ஆனது. ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவரிடம் பூச்சி பூச்சியாகத் தெரியும். 'எழுத்து தெரியவில்லையா? இங்கே தரவிறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு இல்லாத தமிழ் வலைத்தளமே அன்று கிடையாது. பிரெய்ல் 1951ல் கடந்துவந்துவிட்ட குழப்பத்துக்குள், பார்வையுள்ளவர்கள் நாற்பது வருஷம் கழித்துப் போய் விழுந்தோம்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். ஈழத்தமிழரிடையிலும் இங்கேயும் நன்றாகப் புழங்கியது. அதில் 'அம்மா' என்று திரையில் தெரிய வேண்டுமானால், உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது. கண்ணுக்கு அம்மா தெரியும். திரைவாசிப்பான் வேஷத்தைப் பார்க்காது. உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். 'எம் கே செமிகோலன் கே எச்.' பார்வையற்ற ஒருவருக்குத் தமிழ் இணையம் வருஷக்கணக்கில் இப்படித்தான் ஒலித்தது. பெண்ணியக் கவிதையும் செமிகோலன், ஈழத்துச் செய்தியும் செமிகோலன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு கூடியது. விசைப்பலகை ஒழுங்கானது, டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்கள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் புழங்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். எல்லாமே உருவத்தின் வரிசையில் சேமிப்பவை. கொம்பு முதலில், 'க' பிறகு. இதற்குள் 1991லேயே யூனிகோடு வந்து, அதில் தமிழும் இடம்பெற்றிருந்தது. யூனிகோடில் 'கொ' என்பது 'க', அடுத்து ஒகரக் குறி. பிரெய்லின் அதே வரிசை. தமிழ்நாடு அரசு யூனிகோடை (கூடவே டேஸ்16ஐயும்) தரமாக ஏற்று ஆணையிட்டது 2010ல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. நடுவில் பத்தொன்பது ஆண்டு. யூனிகோடு தமிழுக்கு இழைத்த அநீதி பற்றி, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்பது பற்றி எவ்வளவு கட்டுரைகள், எவ்வளவு சண்டைகள்! அவற்றில் நியாயமான வாதங்களும் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எழுத்தைக் காதால் படிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஞாபகம் யாருக்கும் இருந்த மாதிரித் தெரியவில்லை. எனக்கும் இல்லை.

விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் கல்யாண கிருஷ்ணன் குழுவினர் 'ஆச்சார்யா' என்ற பெயரில், இந்திய மொழிகளை அசையாகப் பிடித்துக் குரலாகவும் பிரெய்லாகவும் தரும் மென்பொருளைச் செய்தார்கள். வித்யா விருட்சா அமைப்பு அதைப் பார்வையற்ற மாணவரிடம் கொண்டுபோனது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னொன்று. தேசம் தேசமாக உட்கார்ந்துகொண்டு சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை ஆட்கள் தட்டச்சு செய்தார்கள். பார்வையற்றோரை உத்தேசித்து அது தொடங்கப்படவில்லை. ஆனால் படம் பிடிக்காமல் தட்டச்சு செய்ததால், டிஸ்கியில் இருந்ததைப் பின்னால் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்று நண்பர் சிலப்பதிகாரத்தைக் கேட்கிறார். எங்கள் பத்திரிகையைக் கேட்க முடியவில்லை. இளங்கோவுக்குக் கிடைத்த வாசகர் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

*

இந்தச் சமயத்தில் சாலையின் மறுமுனையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அவர்கள் கை பட்டு வெளியே போன பொத்தான் போன்களில் 5ஆம் எண் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரலுக்கு அது ஒரு மைல்கல். அந்த மேட்டை வைத்து மற்ற ஒன்பது எண்களையும் கண்டுபிடித்துவிடலாம். பார்வையற்ற நண்பர்கள் பலர் அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் செல்போனுக்குள் வந்தார்கள். காசு உள்ளவர்கள் விலைகூடிய நோக்கியாவில் 'டாக்ஸ்' என்ற மென்பொருளைப் போட்டு ஆங்கிலத்தில் பேசவைத்தார்கள். வரித் தகராறுக்கும் கைமாற்றத்துக்கும் நடுவில் 2014 நவம்பர் 1ல் ஆலை மூடப்பட்டது. வேலை போன பெண்களின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

அதற்குள் பொத்தானே போய்விட்டது. தொடுதிரை வழவழவென்று இருக்கும்; தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. பார்வையற்றோர் செல்போனை இழந்துவிடுவார்கள் என்ற பயம் நிஜமான பயம். 2009ல் ஆப்பிள் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானைப் பிறவியிலேயே சேர்த்து விட்டது. கருணையால் அல்ல; பார்வையற்றோர் அமைப்புகள் அமெரிக்காவில் போட்ட சண்டையும் அங்கே இருந்த சட்டமும் பின்னணியில் இருந்தன. விரல் எதன்மீது பட்டாலும் அது என்னவென்று போன் சொல்லும். வழவழப்பான திரை மறுபடி முதுகு மாதிரி ஆனது.

2019ல் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டத் தொடங்கினார்கள். பூட்டுகிற பெண்கள் தமிழ் பேசுகிறவர்கள். பூட்டப்பட்ட போன் பல மொழி பேசும், தமிழ் மட்டும் பேசாது. வாய்ஸ்ஓவருக்குத் தமிழ்க் குரல் வந்தது 2022ல், வாணி என்ற பெயரோடு. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2021 டிசம்பரில், பூந்தமல்லி வட்டாரத்து விடுதி ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. கூட வேலைசெய்த பெண்கள் இதே பெங்களூர் சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். போனில் தமிழ்க் குரல் கேட்பதற்கு முன்பே சாலையில் கேட்டுவிட்டது என்று சொல்லலாம். இரண்டையும் முடிச்சுப்போடுவது வலிந்து செய்வது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய கை வேண்டும், யாருடைய மொழி வேண்டாம் என்பது ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது.

ஆப்பிள் வாங்க வக்கில்லாதவர்களுக்குத் தமிழ் இன்னும் முன்னாலேயே கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஜாஸ் என்கிற அமெரிக்கத் திரைவாசிப்பான் ஆயிரம் டாலரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006ல் என்விடிஏவைத் தொடங்கி இலவசமாக விட்டார்கள். இருவரும் பார்வையற்றவர்கள். இ-ஸ்பீக் என்ற இலவசக் குரல் தமிழையும் ஒரு மாதிரி தகரக் குரலில் படித்தது. "ரோபோ கூழு குடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா அதுலதான் நான் எம்ஏ படிச்சேன்" என்பார் நண்பர். பிற்பாடு ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழுவினர் செய்த தமிழ்க் குரல் மாதிரி நல்ல குரல்களும் வந்தன.

ஆக, கருவி இருக்கிறது. குரல் இருக்கிறது. பேசவைக்கப் பக்கம் இல்லை.

*

அரசாங்கத்துக்கு வருவோம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் வலைத்தளம் என்ற சொல்லே இல்லை. அன்று இருந்திருக்கவும் முடியாது. உலகளாவிய வலைக்கான அமைப்பு 1999 மே மாதம் தன் முதல் அணுகல் நெறிகளை வெளியிட்டது. படம் போட்டால் அதற்குச் சொல்லும் போடு என்பது அதில் முதல் நெறி. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் புரூஸ் மகையர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் வலைத்தளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று போட்ட புகாரில் வென்றார். 20,000 டாலர் இழப்பீடு. இந்தியா 2007ல் ஐநா உடன்படிக்கையை ஏற்றது. 2009ல் அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டி வந்தது. 2016ல் புதிய சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இதற்குள் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளிகள்' வந்துவிட்டது. சொல் மாறியது நல்லதுதான். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவர் தனக்கான அரசாணையைத் தேடிப்போனால், கையெழுத்தும் முத்திரையும் கோணலாக விழுந்த ஸ்கேன் தாளைத்தான் பல சமயம் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. 'கிராஃபிக்.'

2005ல் ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற செயல்பாட்டாளர் போட்ட பொதுநல வழக்கு உச்சநீதிமன்றத்தில் 2017ல் ஒரு தீர்ப்பு, 2024 நவம்பர் 8ல் இன்னொரு தீர்ப்பு என்று நகர்ந்தது. இரண்டாவது முக்கியமானது. சட்டம் 'கட்டாயம்' என்று சொன்னதை விதிகள் 'பரிந்துரை' என்று நீர்த்துப்போகச் செய்தன. அந்த 15(1)ஆம் விதி செல்லாது என்றது நீதிமன்றம். 19 வருஷம் வழக்காடிக் கிடைத்தது 'செய்தால் நல்லது' என்பதற்கும் 'செய்தாக வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம். இடஒதுக்கீட்டு வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் எடை தெரியும்.

அடுத்தது 2025 ஏப்ரல் 30. அமில வீச்சுக்கு ஆளான பெண்களும் அமர் ஜெயின் என்ற பார்வையற்ற வழக்கறிஞரும் போட்ட வழக்குகள். வங்கிக் கணக்குக்கு, சிம் கார்டுக்கு அடையாளம் காட்டப் போனால், 'நீங்கள் உயிரோடிருப்பதை உறுதிசெய்யக் கண் சிமிட்டுங்கள்' என்கிறது திரை. இமை உருகிப்போன பெண் எப்படிச் சிமிட்டுவாள்? கேமராவை எங்கே பிடிப்பது என்றே தெரியாதவர் எதைப் பார்த்துச் சிமிட்டுவார்? எண்மவழி அணுகலும் அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்பில் அடங்கும், அதாவது வாழ்வுரிமை என்று நீதிமன்றம் சொல்லி 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கேப்ச்சா, கோணல்மாணலாக நாலு எழுத்தைக் காட்டி, படித்து அடி என்பது. 2000களின் தொடக்கத்தில் வந்த சாமான். 'நீ இயந்திரமல்ல, மனிதன் என்று நிரூபி' என்பதுதான் அதன் வாசகம். பார்க்க முடிந்தவனே மனிதன் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தத்துவ வாக்கியம் மேற்கத்திய மெய்யியலில்கூட இருக்குமா என்பது சந்தேகம்.

நான் பார்வையற்றோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். என் நண்பர் அவர் என்பதால். காது கேளாதவருக்கு எழுத்தோட்டம் இல்லாத வீடியோ இதே கதிதான். எலியைப் பிடிக்க முடியாத கை உள்ளவருக்கு, விசைப்பலகையால் போக முடியாத பக்கம் இதே கதிதான். ஒரகடம் பக்கம் வரும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊனம் பிறப்பில் வருவது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்யப்படுகிறது. உதிரிபாகத் தொழிலில் பிரஸ் மிஷினில் விரல் போவது யாருக்கும் செய்தி இல்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது: கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. நூறு வருஷமாக நம் உடம்பை இப்படித்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன் தன் பணத்தை, தன் அட்டையைத் தேடிப் போனால் அங்கே ஒரு கண்ணாடிச் சதுரம் விரலை வை என்கிறது. ஆலைக்குத் தேவைப்பட்ட உடம்பும் வலைத்தளம் எதிர்பார்க்கிற உடம்பும் ஒன்றே: பத்து விரல், இரண்டு கண், இருபது வயது. இந்த உடம்பிலிருந்து நழுவிய நாளில் இரண்டு இடத்திலும் கதவு சாத்தப்படுகிறது.

*

அரசையும் கம்பெனியையும் திட்டுவது நமக்குச் சுலபம். நம் கதை என்ன?

இயக்கங்களின் துண்டறிக்கைகள் இன்று தாளில் வருவதில்லை, படமாக வருகின்றன. சிவப்பில் ஒரு பின்னணி, அதன்மேல் வெள்ளையில் எட்டு வரி கோரிக்கை, வாட்ஸப்பில் சுற்றும். படிக்க முடியாதவர்களில் மாற்றுத்திறனாளி ஊழியரும் இருப்பார், கோரிக்கை அவருக்காகவே இருந்தாலும்கூட. சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் கரையான்தான் வாசகன். ஆனால் அது பாதி வேலை. அரசு தந்த நாட்டுடைமை நூல்களின் படங்களை எடுத்து, எழுத்துணரிக்குக் கொடுத்து, வரும் பிழைகளை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருக்கிற விக்கிமூலம் தன்னார்வலர்கள் மீதிப் பாதியைச் செய்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த இலக்கியக் கூட்ட அழைப்பிதழிலும் இல்லை.

நாம் எழுதுகிற வலைப்பக்கங்கள் யூனிகோடில் இருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. தலைப்பைத் தலைப்பென்று குறிக்காமல் எழுத்தைத் தடியாக்கி மட்டும் விட்டால், கண்ணுக்குத் தலைப்பு. காதுக்கு இன்னொரு வரி. பார்வையுள்ளவர் பக்கத்தை ஒரு நோட்டம் விடுகிற மாதிரி, திரைவாசிப்பான்காரர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். தாவ இடம் இல்லாவிட்டால் உச்சியிலிருந்து முழுசையும் கேட்டாக வேண்டும். தமிழ்ப் பக்கத்தை உள்ளே 'ஆங்கிலம்' என்று குறித்துவைத்திருப்பது இன்னொரு கூத்து. ஆங்கிலக் குரல் வந்து தமிழைப் பார்த்துத் திகைத்து நிற்கும். ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டிய வேலை. செய்வதில்லை, ஏனென்றால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது.

நம் மொழியிலும் இதே கண் இருக்கிறது. முற்போக்கு எழுத்தில் மூடநம்பிக்கை என்றால் 'குருட்டு நம்பிக்கை', அரசு கேளாவிட்டால் 'செவிட்டு அரசு', வாதம் சரியில்லாவிட்டால் 'நொண்டி வாதம்'. நானும் எழுதியிருக்கிறேன். அந்த ஏழு இதழில் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எண்ண வேண்டி வந்ததற்குக் காரணம், இதழை மறுபடி எழுத்தாக்க உட்கார்ந்ததுதான். எழுத்துணரியில் போட்டு எடுத்தால் இரண்டு பத்தி அமைப்பு ஒன்றோடொன்று கலந்து, பின்நவீனத்துவம் நாங்கள் எழுதியதைவிட அதிகமாகவே வந்திருந்தது. பழைய கூட்டாளி ஒருவரும் நானும் மூன்று வாரம் திருத்தினோம். அடிக்குறிப்புகளை எடுத்து இடம் மாற்றினோம். அட்டையில் மரச்செதுக்கு ஓவியம் ஒன்று இருந்தது. அதற்கு விவரணை எழுத ஒரு மணிநேரம் ஆனது. ஒரு பெண், கையில் ஏதோ வைத்திருக்கிறாள். பானையா, பறையா? 30 வருஷம் அலமாரியில் இருந்த அட்டை; அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தேன். பறைதான்.

கோப்பை அனுப்பிய மறுநாள் காலையில் போன்.

"தோழர், கேட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கத்துறீங்க. ஒண்ணு கேக்கணும். 17ஆம் பக்கத்துல வந்த பாரா 19லயும் அப்படியே வருது. அந்தக் காலத்துல ஒட்டும்போது தப்பா ஒட்டிட்டீங்க போல. இத்தனை வருஷத்துல யாருமே சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை.